ஓண விடுமுறை முடிந்து திரும்பும் மாணவர்களுக்காக: கோவைக் கல்லூரிகளுக்கு ஒரு திறந்த மடல்

கோவை மாவட்டக் கல்லூரிகளின் முதல்வர்களுக்கும் விடுதிக் காப்பாளர்களுக்கும் வணக்கம்.

கேரளத்தில் நிபா, அதாவது பழந்தின்னி வவ்வால்களிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் வைரஸ் நோய், என்று செய்தி வந்த மறுநாளே நம் ஊர் விடுதிகளில் என்ன நடக்கிறது என்பது நீங்கள் அறியாததல்ல. வாளையார் சோதனைச் சாவடியில் சுகாதாரத் துறையினர் வெப்பமானியோடு நிற்கத் தொடங்கும் நேரத்தில், விடுதி அலுவலகங்கள் சிலவற்றில் மலையாள மாணவர்களின் பட்டியல் ஒன்றும் தயாராகிவிடுகிறது. அந்தப் பட்டியலைப் பற்றியும், அதற்கு மாற்றாக நாம் செய்யக்கூடியதைப் பற்றியும் பேசவே இதை எழுதுகிறேன். நெடுங்காலம் கல்லூரி ஆசிரியராகவும் சில ஆண்டுகள் துணைக் காப்பாளராகவும் இருந்தவன் என்பதால், உங்கள் பொறுப்பின் பாரம் தெரிந்தே எழுதுகிறேன்.

இது எப்போதோ ஒருமுறை வந்துபோகும் சிக்கல் அன்று. 2018 மே மாதத்தில் கோழிக்கோட்டில் தலைகாட்டிய நிபா, 2019, 2021, 2023, 2024, 2025 ஆகிய ஆண்டுகளிலும் கேரளத்தில் தென்பட்டது. அதுவும் பெரும்பாலும் மே முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில். ஓணமும் அதே பருவத்தில்தான் வருகிறது. 2024இல் பெங்களூருவில் படித்துவந்த 24 வயது மலப்புரம் இளைஞர் ஒருவர் இறந்ததற்கு நிபாவே காரணம் என்று புனேயிலுள்ள தேசிய வைரஸ் ஆய்வகம் உறுதிசெய்த செய்தி வெளியான செப்டம்பர் 15, திருவோண நாள். ஊருக்குப் போன மாணவர்கள் பெட்டியோடு திரும்பிய அதே வாரத்தில் அந்தச் செய்தியும் நம் விடுதிகளுக்கு வந்து சேர்ந்தது. இவ்வளவு தெரிந்திருந்தும் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பதறிப்போவதற்கு நமக்குக் காரணம் எதுவும் இல்லை.

பயம் ஆதாரமற்றது என்று நான் சொல்ல வரவில்லை. தொற்றியவர்களில் 40 முதல் 75 விழுக்காட்டினர் வரை இறக்கிறார்கள் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. பயன்பாட்டுக்கு வந்த தடுப்பூசியும் இல்லை. ஆனால் இது தெருவில் எதிரே வந்தவரிடமிருந்து ஒட்டிக்கொள்ளும் நோய் அன்று. நோய் முற்றியவரின் அருகிலிருந்து கவனித்தவர்களுக்கும், அவருடைய எச்சில், சளி போன்றவை பட்டவர்களுக்கும்தான் முக்கியமாகப் பரவுகிறது. 2018இல் தொற்றியவர்களில் பெரும்பாலோர் மருத்துவமனைகளுக்குள்தான் அதைப் பெற்றார்கள். 2019இல் எர்ணாகுளத்தில் நோய் உறுதியானவர் 23 வயதுக் கல்லூரி மாணவர். அவரோடு தொடர்பில் இருந்ததாக 300க்கும் மேற்பட்டோர் கண்காணிக்கப்பட்டார்கள். அவர்களில் ஒருவருக்கும் நோய் வரவில்லை. அந்த மாணவரும் பிழைத்துக்கொண்டார். நம் மாணவர்களுக்கு நிபாவைப் பற்றி ஒரே ஒரு செய்திதான் சொல்ல முடியும் என்றால், நான் இதைத்தான் சொல்வேன்.

ஆகவே, 'எந்த ஊர்?' என்ற கேள்வி இங்கே பயனற்றது. பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறையிலிருந்து வரும் மாணவிக்கு மலப்புரத்தைவிடப் பொள்ளாச்சிதான் பக்கம். அவள் வீட்டில் பேசுவது தமிழாகவும் இருக்கலாம். இருந்தும் முகவரியில் கேரளம் என்று இருப்பதால் பட்டியலில் ஏறிவிடுவாள். கோழிக்கோட்டு மருத்துவமனையில் மாமாவுக்குத் துணையாக இருந்துவிட்டு வந்த ஈரோட்டுப் பையனை அதே பட்டியல் தொடவே தொடாது. மருத்துவ நோக்கில் பார்த்தாலே இது ஓட்டைப் பட்டியல். நியாயம் அநியாயம் என்ற பேச்சு அதற்குப் பிறகுதான்.

'நிபா இல்லை' என்ற சான்றிதழ் கேட்பதும் இப்படிப்பட்டதே. 2023 செப்டம்பரில் மத்தியப் பிரதேசத்தில் உள்ள ஒரு மத்தியப் பல்கலைக்கழகம், சேர்க்கைக்கு வந்த கேரள மாணவர்களிடம் அதைக் கேட்டுவிட்டு, எதிர்ப்பு எழுந்தபின் கைவிட்டது. நிபாவுக்கான பரிசோதனை, அறிகுறி உள்ளவர்களுக்கும் நோயாளியோடு நெருங்கிப் பழகியவர்களுக்கும் செய்யப்படுவது. கேட்டவர்க்கெல்லாம் மூலைக்கடை ஆய்வகத்தில் செய்து தரப்படுவதன்று. இன்று 'இல்லை' என்று வரும் முடிவு அடுத்த வாரத்துக்கு உறுதியும் ஆகாது. கிடைக்காத ஒரு தாளைக் கேட்டு ஒரு மாணவனை வாசலில் நிறுத்தினால், அவன் உள்ளே வரக்கூடாது என்று சொன்னதாகத்தான் பொருள்.

விடுதிக்குள் நடப்பது இதைவிட நுட்பமானது. கண்ணூரிலிருந்து வந்த ஒரு மாணவிக்கு மெஸ்ஸில் மற்ற எல்லோருக்கும் போல எவர்சில்வர் தட்டு இல்லாமல், பாக்குமட்டைத் தட்டில் சோறு போட்டதை நான் பார்த்திருக்கிறேன். "பாதுகாப்புக்குத்தாம்மா, தப்பா நெனச்சுக்காத" என்று பரிமாறிய அம்மா கனிவாகவே சொன்னார். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அவள் எது எழுதினாலும் பதிலுக்கு வவ்வால் படம் வரும். அவளும் சேர்ந்து சிரித்தாள். ஆகவே ஆசிரியர்கள், என்னையும் சேர்த்துத்தான், அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டோம். சில நாளில் அவள் மெஸ்ஸுக்கு வருவதை நிறுத்திவிட்டு, அறையிலேயே பன்னும் பிஸ்கட்டும் சாப்பிட்டாள். பிறகு காய்ச்சல் வந்தபோது யாரிடமும் சொல்லாமல் பாராசிட்டமால் விழுங்கிவிட்டு வகுப்பில் உட்கார்ந்திருந்தாள். அது வெறும் சளிக் காய்ச்சல்தான்.

அந்த மாத்திரையைப் பற்றித்தான் நீங்கள் கவலைப்பட வேண்டும் என்கிறேன். விடுதியைக் காப்பது, காய்ச்சல் வந்தவர் முதல் மணி நேரத்திலேயே வந்து சொல்வதுதான். சொன்னால் தட்டு மாறும், அறைத்தோழி பாயைச் சுருட்டிக்கொண்டு போவாள் என்று தெரிந்த இடத்தில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

செய்ய வேண்டியது பெரிய செலவு பிடிக்கும் வேலை ஒன்றுமில்லை. விடுமுறையிலிருந்து திரும்பும் எல்லா மாணவர்களிடமும், எந்த மாநிலத்தவரானாலும், ஒரே கேள்விகளைக் கேளுங்கள்: கடந்த மூன்று வாரங்களில் நிபா நோயாளி எவரோடாவது பழகினீர்களா, நோய் தொடர்பாக அரசு அறிவித்த இடங்களுக்கு அந்த நாட்களில் சென்றீர்களா, இப்போது காய்ச்சல் இருக்கிறதா. கேட்பவர் கல்லூரி மருத்துவரோ செவிலியரோ ஆக இருக்கட்டும். கேட்கும் இடம் கதவு மூடிய அறையாக இருக்கட்டும். வரவேற்பறை மேசையில் விரித்துவைத்த பதிவேட்டில் அடுத்தவர் பார்க்க எழுத வைக்காதீர்கள். 'ஆம்' என்ற பதில் வந்தால், அதன்பின் முடிவெடுக்க வேண்டியது மாவட்டச் சுகாதார அலுவலகம். காப்பாளரும் அன்று, மாணவர் பேரவையும் அன்று.

வருகைப் பதிவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மாணவர்களை மறைக்கத் தூண்டுவதில் அவமானத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். நோயாளியோடு தொடர்பு இருந்தவரைக் கேரளத்தில் 21 நாள் கண்காணிப்பில் வைக்கிறார்கள். வாரம் ஆறு நாள் வகுப்பு நடக்கும் கல்லூரியில் அது 18 வேலை நாள். ஒரு பருவத்துக்கு (செமஸ்டருக்கு) 90 வேலை நாள், 75 விழுக்காடு வருகை கட்டாயம் என்றால், ஒரு மாணவர் 22 நாள்தான் விடுப்பு எடுக்க முடியும். ஏற்கெனவே டெங்குவில் ஒரு வாரம் படுத்தவருக்குக் கணக்கு அங்கேயே முடிந்துவிடும். தேர்வு எழுத முடியாது, அல்லது அபராதம் கட்டிவிட்டு எழுத வேண்டும். உண்மையைச் சொன்னதற்கு ஒரு பருவம் விலை என்றால் எந்தப் பிள்ளை சொல்லும்? கண்காணிப்பு நாட்களை வருகை நாட்களாகவே கொள்வோம், தவறிய உள்மதிப்பீட்டுத் தேர்வை மறுபடி நடத்துவோம் என்று முதல்வரின் கையெழுத்தோடு எழுத்தில் கொடுங்கள். துறைத் தலைவரின் பெருந்தன்மைக்கு இதை விட்டுவிட வேண்டாம்.

கேலியைப் பொறுத்தவரை, உங்களிடம் விதி ஏற்கெனவே இருக்கிறது. பகடிவதை (ராகிங்) தடுப்பு விதிகளில் பல்கலைக்கழக மானியக் குழு 2016இல் செய்த திருத்தம், பிறந்த இடம், வசிக்கும் இடம், மொழி ஆகியவற்றை வைத்து ஒரு மாணவரை ஒதுக்குவதையும் துன்புறுத்துவதையும் பகடிவதை என்றே கொள்கிறது. வவ்வால் படம் போட்ட பையனைக் கல்லூரியை விட்டு நீக்கச் சொல்லவில்லை; வகுப்பு ஆலோசகர் அவனை அழைத்து இந்த விதியை வாசித்துக் காட்டினாலே பெரும்பாலும் போதும்.

ஒதுக்கப்பட்டவரிடம் 'இதையெல்லாம் மனசில் வச்சுக்காதே' என்று சொல்லும் வழக்கத்தையும் விட்டுவிடலாம். கண்டும் காணாததுபோல் நாம் இருக்கிறோம் என்றே அது அவர் காதில் விழும். என்ன நடந்தது என்று கேட்டு, கேட்டதை நம்பி, அடுத்த வேளை உணவுக்கு அவருடன் மெஸ்ஸில் போய் உட்காருங்கள். காப்பாளர் அதே பந்தியில் சாப்பிடுவதை நூறு பேர் பார்ப்பார்கள். தனிமைக் கண்காணிப்பில் வீட்டிலிருப்பவருக்கு வகுப்புக் குறிப்புகளை நாள்தோறும் அனுப்பும் பொறுப்பை இரண்டு நண்பர்களிடம் பெயர் சொல்லி ஒப்படையுங்கள். தூக்கமின்மை, அழுகை என்று போனால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலும் மலையாளத்திலும் ஆலோசகர்கள் பேசுவார்கள். இந்த எண் விடுதி அறிவிப்புப் பலகையில் எப்போதும் இருக்கட்டும்.

இந்த ஆண்டு ஓண விடுமுறைக்கான அறிவிப்பு ஒட்டப்படும் நாளிலேயே, செய்தி எதுவும் வருவதற்கு முன்பாகவே, இவற்றைச் சொல்லும் சுற்றறிக்கை ஒன்றையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் வெளியிடுங்கள். அதன் படியொன்று பெற்றோருக்கும் போகட்டும், மற்றொன்று மெஸ் பொறுப்பாளரிடம் வாசித்துக் காட்டப்படட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர் ஒருவர்,
கோயம்புத்தூர்.