மனைவிக்குக் கடைவீதியாம்!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் பயணப் பக்கத்தில் செக் நாட்டைப் பற்றி வெளியான கட்டுரையின் கடைசிப் பத்தியில் ஒரு வரி வருகிறது: “குளிர்காலத்தில் ஜோடியாகப் போகிறவர்கள் கவலைப்பட வேண்டாம், கணவருக்குப் பீர் இருக்கிறது, மனைவிக்குக் கடைவீதி இருக்கிறது.” என் வீட்டுக்காரர் இதை உரக்கப் படித்துவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன டிசம்பரில் நாங்கள் இருவரும் அங்கே போய்விட்டு வந்தோம். பிராக் நகரத்துக் கடைவீதியில் கம்பளித் தொப்பிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக்கொண்டு நின்றவர் அவர். நல்ல ஒயின் எங்கே கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டிருந்தவள் நான். நான் ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை. சர்க்கரை மதுவாக மாறும் நொதித்தலைக் கரும்பலகையில் சமன்பாடாக எழுதியே காலத்தை ஓட்டியவள். அந்தச் சமன்பாட்டின் வலது பக்கத்தைக் கண்ணாடிக் கோப்பையில் பார்க்க ஓய்வூதியம் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இதை எழுத எனக்கு வெட்கமில்லை. ஒரு பெண் எழுதலாமா என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது கேட்டால், சமன்பாட்டுக்கு ஆண் பெண் தெரியாது என்று சொல்லுங்கள்.

பீரைக் குறை சொல்லவில்லை. தலைக்கு இவ்வளவு என்று கணக்கெடுத்தால் பீர் குடிப்பதில் உலகத்துக்கே முன்னால் நிற்பவர்கள் அவர்கள். பில்சன் நகரத்தில் 1842-இல் பிறந்த பொன்னிற பீரைத்தான் இன்று உலகம் முழுவதும் நகல் எடுத்துக்கொண்டிருக்கிறது. இது ஊரறிந்த கதை, உங்கள் கட்டுரையாளருக்கும் தெரிந்திருக்கிறது. ஆனால் மூன்று பக்கக் கட்டுரையில் ஒயின் என்ற சொல் ஓரிடத்தில்கூட இல்லையே, அது எப்படி? பிராக் கோட்டைக்குக் கீழே, படிக்கட்டை ஒட்டியே ஒரு திராட்சைத் தோட்டம் இருக்கிறது. நகரத்தைச் சுற்றித் திராட்சை பயிரிட வேண்டும் என்று நான்காம் சார்லஸ் மன்னர் 1358-இல் ஆணையே பிறப்பித்தார். கோட்டையைப் படம் பிடித்தவர் கொஞ்சம் குனிந்து பார்த்திருக்கலாம்.

உண்மையான ஒயின் நாடு மொராவியா. செக் நாட்டுத் திராட்சைத் தோட்டங்களில் நூற்றுக்கு 95-க்கு மேல் அந்தத் தென்கிழக்குப் பகுதியில்தான் இருக்கின்றன. பிராக்கிலிருந்து ரயிலில் இரண்டரை மணி நேரத்தில் மொராவியாவின் பிர்னோ நகரம் வந்துவிடுகிறது. மதிய மணியைப் பதினொரு மணிக்கே அடிக்கிற ஊர் அது. மதியத்துக்குள் ஊரைப் பிடிக்க முடியாவிட்டால் திரும்பிவிடுவோம் என்றிருந்த ஸ்வீடன் படையை ஏமாற்ற 1645-இல் அப்படி அடித்தார்கள் என்பது ஊர்க் கதை. ஆகவே என் கணவருக்கு அங்கே சீக்கிரமே பசித்தது.

அங்கே ஒரு சிறிய ஒயின் கடை. சுவரோரம் பீப்பாய்கள், குழாய்கள். அலுவலகம் முடிந்து வருகிறவர்கள் பையிலிருந்து காலி பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்து நீட்டுகிறார்கள். கடைக்கார அம்மாள் பிடித்துக் கொடுக்கிறார். காசை வைத்துவிட்டுப் போகிறார்கள். ஆடம்பரமும் இல்லை, ஒளிவுமறைவும் இல்லை. எனக்குக் கோப்பையில் ஊற்றினார். கோப்பையில் அளவுக்கோடு போட்டிருக்கிறது, 0.2 லிட்டர் என்று. கோடு வரைக்கும் சரியாக ஊற்றி, விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் கையில் கொடுத்தார். இங்கே பெட்ரோல் பங்கில்கூட நான் காணாத நேர்மை. அது ‘பாலவா’ என்ற வெள்ளை ஒயின். இரண்டு திராட்சை வகைகளை ஒட்டுச் சேர்த்து அந்த மண்ணிலேயே உருவாக்கி, 1977-இல் பதிவு செய்த ரகம். முகத்தருகே கொண்டுபோனபோதே ரோஜா மணந்தது. குளிர் மைனஸ் 7 டிகிரிக்கு இறங்கினால்தான் பறிக்க வேண்டும் என்று சட்டமே வைத்து, உறைந்த திராட்சையைப் பிழிந்து எடுக்கும் ஒயினும் உண்டு. ‘குளிர்காலத்தில் அங்கே ஒன்றும் இல்லை’ என்று உங்கள் கட்டுரை சொல்கிறது!

சாப்பாட்டுக்கு வருகிறேன். ‘கினெட்லிக்’ என்பதைச் ‘சப்பென்ற வெந்த மாவு’ என்று எழுதியிருக்கிறார். சட்னி சாம்பார் இல்லாமல் இட்லியைத் தின்றுவிட்டு, இட்லி சப்பென்று இருக்கிறது என்பவரை என்ன சொல்வது? மாவை நீளக் கட்டையாக வேகவைத்து, நூலால் துண்டு போட்டு, குழம்பில் தோய்த்துச் சாப்பிட வேண்டியது அது. ‘ஸ்விச்கோவா’ என்று ஒன்று. கேரட்டையும் செலரிக் கிழங்கையும் பிரிஞ்சி இலை, மிளகோடு மாட்டிறைச்சியுடன் வேகவைத்து, அரைத்து, பாலாடை சேர்த்த குழம்பு. என் கணவர் தட்டை வழித்துச் சாப்பிட்டார். அவர் மாட்டிறைச்சி சாப்பிடுவார். அதை மறைக்க வேண்டிய அவசியம் எங்களுக்கு இல்லை. நான் சைவம். சைவர்கள் பட்டினி கிடக்க வேண்டியதுதான் என்று எழுதியவருக்காகச் சொல்கிறேன்: ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த பாலாடைக் கட்டி, வேகவைத்த உருளைக்கிழங்கோடு எந்தச் சாதாரண உணவகத்திலும் கிடைக்கிறது. கிறிஸ்துமஸ் காலமானதால் பார்லியும் காளானும் பூண்டும் சேர்த்துச் சுட்ட ‘கூபா’ கிடைத்தது. பழம் வைத்த இனிப்புக் கொழுக்கட்டையை அவர்கள் மதியச் சாப்பாடாகவே சாப்பிடுகிறார்கள். இதைவிட நாகரிகம் என்ன வேண்டும்?

தெருமுனையில் தொட்டிகளில் உயிருள்ள கெண்டை மீன்களை விற்றுக்கொண்டிருந்தார்கள். அதன் செதிலைப் பர்ஸில் வைத்தால் ஆண்டு முழுவதும் பணம் தங்குமாம். என் கணவர் ஒன்றைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறார். பணம் தங்கவில்லை, வாடை தங்கியிருக்கிறது.

இன்னும் இரண்டு. மேஜையில் வைக்கும் ரொட்டிக் கூடை இலவசம் என்கிறது கட்டுரை. பழைய நகரச் சதுக்கத்துப் பக்கம் ஓர் உணவகத்தில் அதற்கு எண்ணிக் காசு வாங்கினார்கள். தெருவெல்லாம் கம்பியில் சுற்றிச் சுடும் ‘டெர்டெல்னிக்’ செக் நாட்டின் தொன்மையான பலகாரம் என்கிறது. சுற்றுலாக்காரர்களுக்காகப் பெருகிய வியாபாரம் அது. அந்தப் பெயரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாப்புப் பெற்றிருப்பது பக்கத்து நாடான ஸ்லோவாக்கியாவின் ஸ்காலிட்சா ஊர்ப் பலகாரம்தான்.

பக்கத்து நாடு என்றதும் நினைவு வருகிறது. உங்கள் குறுக்கெழுத்துப் போட்டியில் இன்னும் ‘செக்கோஸ்லோவாக்கியா’ வந்துகொண்டிருக்கிறது. 1993 ஜனவரி 1 அன்று அவர்கள் பிரிந்துவிட்டார்கள். சண்டை போடாமல் பிரிந்ததால் உங்கள் காதுக்கு எட்டவில்லை போலும். கட்டுரையோடு ‘பிராக் நாடாளுமன்றம்’ என்று போட்டிருக்கும் படம் புடாபெஸ்ட் நாடாளுமன்றத்தினுடையது. அதன் முன்னால் ஓடுவது டான்யூப் நதி. பிராக்கில் ஓடுவது வல்டாவா. தமிழுக்காக வாழ்நாளைச் செலவிட்ட கமில் சுவலபில் 1927-இல் பிறந்தது அந்தப் பிராக்கில்தான். நம் காலில் கிடக்கும் பாட்டா செருப்பு 1894-இல் தொடங்கியது மொராவியாவின் ஸ்லீன் ஊரில்தான். ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கு இவ்விரண்டும் தோன்றாமல் கடைவீதி தோன்றியிருக்கிறது.

ஆண்டுச் சந்தாவை உயர்த்தினீர்கள், கேட்கவில்லை. பக்கங்களைக் குறைத்தீர்கள், கேட்கவில்லை. சமையல் பகுதிக்கு நான் எழுதி அனுப்பிய வத்தக்குழம்புக் குறிப்பை ‘திருமதி’ போட்டு என் கணவர் பெயரில் வெளியிட்டீர்கள். தெருவில் நான்கு பேர் அவரிடம் பக்குவம் கேட்டார்கள். அப்போதும் ஒரு கார்டு போட்டதோடு விட்டுவிட்டேன். அதற்குப் பதில் இன்றுவரை இல்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அந்தப் படத்துக்கு ஒரு திருத்தம் போடுங்கள். மொராவியாவில் ஒயின் உண்டு என்று அதனடியில் ஒரு வரி சேருங்கள். கடிதத்தைச் சுருக்குவதாக இருந்தால் பீரைப் பற்றிய பகுதியைச் சுருக்கிக்கொள்ளுங்கள். ஒயினில் கைவைக்க வேண்டாம். அடியில் என் கணவர் பெயரைப் போட்டுவிடாதீர்கள். கீழே இருப்பதே போதும்.

ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை,
மதுரை.