சங்க்லாபுரி கிராமமும் அல்ல, பழைய ஊரும் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளியான தாய்லாந்துப் பயணக் கட்டுரை, சங்க்லாபுரியை ஏரிக்கரையில் காலங்காலமாக மாறாமல் இருந்துவரும் எல்லைக் கிராமம் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோனது. அந்த வரியை என்னால் கடந்துபோக முடியவில்லை.

அங்கே இருப்பது ஏரி அல்ல, நீர்த்தேக்கம். தோங் பா பூம் மாவட்டத்தில் குவே நொய் ஆற்றின் குறுக்கே காவோ லேம் அணை எழும்பி (இன்று அதற்கு வஜிராலங்கோன் என்று பெயர்), 1984இல் நீர் தேங்கத் தொடங்கியபோது பழைய சங்க்லாபுரி மூழ்கியது. வீடுகளோடு மோன் மக்களின் கோயிலும் தண்ணீருக்குள் போனது. கோடையில் நீர் வற்றும்போது அதன் சுவர்கள் வெளியே தெரியும். இன்று பயணிகள் படம் எடுத்துக்கொள்ளும் ஊர், அதன் பிறகு மேட்டு நிலத்தில் குடியேறிய ஊர். மாறாமல் இருந்துவருகிறது என்று அங்கே வீடு இழந்தவர்களிடம் சொல்ல முடியுமா?

கிராமம் என்பதும் தவறு. சங்க்லாபுரி, காஞ்சனபுரி மாகாணத்தின் வடமேற்குக் கோடியில் நோங் லூ, பிராங் பிளே, லை வோ ஆகிய மூன்று தம்போன்களை (உட்பிரிவுகளை) கொண்ட ஒரு மாவட்டம். தாய் மொழியில் அம்போ. பர்மா எல்லையிலுள்ள மூன்று பகோடா கணவாய் நோங் லூவில்தான் இருக்கிறது. ஒரு காலத்தில் பிரா சி சுவான் கிரி என்ற பட்டம் தாங்கிய கரேன் இனத் தலைவர்கள் சயாம் (இன்றைய தாய்லாந்து) மன்னருக்காக இந்த எல்லையைக் காத்தார்கள். 1892இல் உள்துறை அமைச்சரான தாம்ரோங் இளவரசரின் சீர்திருத்தத்தில் பரம்பரைத் தலைவர்களின் இடத்துக்குப் பாங்காக் அனுப்பிய அதிகாரிகள் வந்தார்கள். காஞ்சனபுரி, ராட்சபுரி மொந்தோனின் (பல மாகாணங்களை இணைத்த நிர்வாக வட்டத்தின்) கீழ் வந்தது. மொந்தோன்கள் 1933இல் ஒழிந்த பின்னும், மாகாண ஆளுநரையும் மாவட்டத் தலைவரான நாய் அம்போவையும் உள்துறை அமைச்சகமே இன்றுவரை நியமிக்கிறது. இத்தனை வரலாறு உள்ள இடத்தைத் தங்கள் கட்டுரை ஒரு படகுத் துறையாகச் சுருக்கிவிட்டது.

இது முதல் முறையும் அல்ல. குவாய் ஆற்றுப் பாலம் பற்றித் தாங்கள் வெளியிட்ட கட்டுரைக்கு நான் இரண்டு கடிதங்கள் எழுதினேன். போர்க்காலத்தில் அந்தப் பாலத்தின் கீழே ஓடிய ஆற்றின் பெயர் மே குலோங் என்றும், குவே யாய் என்ற பெயர் 1960 வாக்கில்தான் சூட்டப்பட்டது என்றும் விளக்கியிருந்தேன். இரண்டும் வெளிவரவில்லை. கூடவே வந்த வரைபடமும் காஞ்சனபுரி நகரத்தோடு முடிந்துபோனது. போர்க்காலத்தில் ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட ரயில் பாதை அங்கே முடியவில்லை என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. 415 கிலோமீட்டர் நீண்ட அந்தப் பாதையின் இரு முனைகளும் 1943 அக்டோபர் 17 அன்று கொன்கோய்தாவில் இணைந்தன.

அந்தக் கொன்கோய்தா முகாமில்தான், மலாயாவின் பேராக்கில் பால்மரம் சீவிக்கொண்டிருந்து, அந்தப் பாதை போடும் வேலைக்குப் போன என் தாத்தா காலராவில் இறந்தார். உடன் போய்த் திரும்பிவந்த ஒருவர் சொன்ன அந்த ஊர்ப் பெயர் ஒன்றுதான் எங்களிடம் எஞ்சியது. என் அப்பா சாகும்வரை அதை வரைபடங்களில் தேடிக்கொண்டிருந்தார். நான் நேரில் போனபோது காஞ்சனபுரியில் ஒரு பயண நிறுவனத்தார் அப்படி ஓர் ஊரே இல்லை என்றார்கள். ஒரு வகையில் அது உண்மைதான். பழைய சங்க்லாபுரியை மூடிய அதே தண்ணீர் கொன்கோய்தாவையும் மூடிவிட்டது. கரையில் நின்று கற்பூரம் ஏற்றிவிட்டு வந்தேன்.

ஆகவே தங்களிடம் கேட்பது இதுதான். அடுத்த இதழில் அந்த வரிக்கு ஒரு திருத்தம் வெளியிடுங்கள். இனி சாங்வாட்டை மாகாணம் என்றும் அம்போவை மாவட்டம் என்றும் ஒரே சீராக எழுதுங்கள். இரண்டையும் மாவட்டம் என்றே எழுதுவதால், சயாமுக்குப் போனவர்களின் இடங்களைத் தேடும் எங்களைப் போன்ற குடும்பங்கள் தவறான ஊர்களில் போய் நிற்கின்றன. திருத்தத்துக்கு நான்கு வரி போதும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகன்,
தைப்பிங், மலேசியா