வேலை எடுத்துத் தந்த உங்களுக்கு

திருகோணமலை மாவட்டத்தில் வலுவிழந்தவர்களுக்கு வேலை தேடிக் கொடுக்கும் உத்தியோகத்தர்களுக்கும், அதே பணியைச் செய்யும் தொண்டு நிறுவனங்களுக்கும்,

வணக்கம்.

முதலில் நன்றியைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், "வேலை எடுத்துக் குடுத்தவையையே குறை சொல்லுறாள்" என்று என் அம்மாவே ஏசுவா. நான் மூதூர்ப் பக்கம். 2006 ஆகஸ்டில் ஷெல் விழுந்தபோது இடது முழங்காலுக்குக் கீழே போனது. அப்போது எனக்கு 11 வயது. சாதாரண தரம், உயர்தரம், கணினிப் பயிற்சி எல்லாம் செயற்கைக் காலோடுதான். படித்துவிட்டு வீட்டில் இருந்த என்னைத் தேடி மோட்டார் சைக்கிளில் இரண்டு தரம் வந்து, படிவம் நிரப்பி, நகரத்தில் ஒரு துணிக்கடை முதலாளியோடு பேசி, பில் போடும் வேலையில் சேர்த்துவிட்டவர் உங்களில் ஒருவர். நியமனக் கடிதத்தைக் கையில் பிடித்தபடி எடுத்த படம் இன்னும் எங்கள் சுவரில் இருக்கிறது.

அந்தப் படத்துக்குப் பிறகு நடந்ததைத்தான் எழுத வந்தேன்.

செயற்கைக் கால் போடாதவர்களுக்கு ஒரு விஷயம் தெரியாது. வெக்கை நாளில் அதற்குள் வியர்வை தேங்கும். உள்ளே மாட்டும் உறை நனைந்து வழுக்கும். பின்னேரம் 3 மணியளவில் தோல் உரசி எரியத் தொடங்கும். ஒரு 10 நிமிடம் கழற்றித் துடைத்து, காற்றுப் பட விட்டு, உலர்ந்த உறையை மாற்றிக்கொண்டால் கடை பூட்டும்வரை தாங்கும். நான் மேசைக்குக் கீழே, யாருக்கும் தெரியாமல்தான் கழற்றினேன். மூன்றாம் நாள் மேற்பார்வையாளர் வந்து, "இதென்ன தங்கச்சி, கடைக்குள்ள காலைக் கழட்டுறது? சனம் பாக்குதெல்லோ" என்றார். அதன் பிறகு கழற்றவில்லை. இரண்டு மாதத்தில் காயம் புண்ணாகிவிட்டது.

எனக்குத் தந்திருந்தது முதுகு சாயாத ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். சாய்வுக் கதிரை ஒன்று கேட்டேன். "பார்ப்பம்" என்றார்கள். மலசலகூடம் கடைக்குப் பின்னால் மூன்று படி இறங்கிப் போகவேண்டும், அதுவும் குந்தியிருக்கும் வகை. அதனால் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டேன். கடை வேலைக்குப் போகும் எத்தனையோ பெண்களுக்கு இது பழக்கம்தான், நான் மட்டும் புதிதாகக் கண்டுபிடித்ததல்ல.

வேலையில் சேர்த்துவிட்டவருக்குப் போன் எடுத்தேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "கொஞ்சம் அனுசரிச்சுப் போங்கோ தங்கச்சி. அந்த முதலாளியிட்டத்தான் இன்னும் நாலு பேருக்குக் கேக்க இருக்கிறன்."

அவர் கெட்டவர் இல்லை. ஒரு பிரதேச செயலகப் பிரிவு முழுவதையும் ஒரு மோட்டார் சைக்கிளில் சுற்றுகிறவர். வலுவிழந்தவரை வேலைக்கு எடுக்கும் முதலாளி இங்கே அருமையிலும் அருமை, அவரைப் பகைக்க முடியாது. ஆனால் என் முறைப்பாட்டைக் கேட்க வேண்டிய ஆளுக்கு அந்த முதலாளியின் தயவு தேவை என்றால், அந்த முறைப்பாடு எங்கே போய்ச் சேரும்? எனக்கும் வாய் எழவில்லை. நன்றி என்பது நல்ல பூட்டு.

வேறு கதவுகளையும் தட்டிப் பார்க்கலாம் என்று விசாரித்தேன். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் எங்கள் நகரத்திலேயே இருக்கிறது. ஆனால் அது விசாரிப்பது அரச நிர்வாகச் செயல்களை, என்னுடையதோ தனியார் கடை. தொழில் அலுவலகம் சம்பளம், சேமலாப நிதி, வேலைநீக்கம் என்றால் கேட்கும். ஸ்டூலுக்கு அங்கே என்ன தலைப்பின் கீழ் எழுதுவது? 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், வலுவிழந்தவருக்கு ஆட்சேர்ப்பில் பாரபட்சம் காட்டக்கூடாது என்கிறது, மீறினால் மாகாண மேல் நீதிமன்றத்தில் மனுப்போடலாம். ஆட்சேர்ப்பில்! என்னைத்தான் சேர்த்துவிட்டார்களே. 1988இல் வந்த பொது நிர்வாகச் சுற்றறிக்கை அரச வேலை வெற்றிடங்களில் 3 சதவீதம் எங்களுக்கு என்றது. அதுவும் உள்ளே எடுப்பதைப் பற்றிய பேச்சுத்தான். எடுத்த பிறகு அவர் எதில் இருப்பார், எங்கே ஒன்றுக்குப் போவார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

வலுவிழந்தவர்களின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயம் கேட்கிறது. இலங்கை அதை 2016 பெப்ரவரியில் ஏற்று உறுதிசெய்தது. அதன் 27ஆம் உறுப்புரை, வேலை கிடைப்பதோடு நிற்காமல், அதில் நிலைத்திருக்க உதவி, வேலைத்தலத்தில் தேவையான மாற்றங்கள், குறைகளுக்குத் தீர்வு என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறது. உங்கள் கருத்தரங்குகளில் இந்தச் சமவாயத்தின் பெயரைப் பலமுறை கேட்டிருக்கிறேன். இந்த உறுப்புரையை யாரும் வாசித்துக் காட்டியதில்லை.

மெல்பேர்னில் இருக்கும் என் மச்சாளிடம் சொல்லி அழுதபோது அவள் அங்குள்ள ஏற்பாட்டைச் சொன்னாள். வேலை தேடிக் கொடுக்கும் சேவை மீது குறை இருந்தால், அந்தச் சேவைக்கு வெளியே தனியான, இலவசமான முறைப்பாட்டு வழி ஒன்று இருக்கிறதாம். கதிரை, மேசை, சாய்தளம், சைகைமொழி பெயர்ப்பாளர் போன்றவற்றுக்கு முதலாளி கையை எதிர்பார்க்காமல் அரச நிதி ஒன்றும் உண்டாம். அங்கேயும் குறை இல்லாமல் இல்லை. பழைய வேலைவாய்ப்புத் திட்டத்தையே 2025 நவம்பரில் மாற்றிவிட்டார்கள். அவுஸ்திரேலியாவின் பணம் எங்களிடம் இல்லை என்பீர்கள். சரி. முறைப்பாட்டை வேறொருவர் கையில் கொடுப்பதற்கு என்ன பணம் வேண்டும்?

என் கதை பேசத் தெரிந்தவளின் கதை. கிண்ணியாவில் எனக்குத் தெரிந்த காது கேளாத தம்பி ஒருவன் பேக்கரியில் ஒன்றரை வருடமாகப் "பழகுகிறான்". சம்பளமும் பழகுகிறவனின் சம்பளம், சேமலாப நிதி இல்லை. பழகுநருக்கும் சேமலாப நிதி கட்டவேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை, சொல்வதற்குச் சைகை தெரிந்தவரும் இல்லை. முறைப்பாடு சொல்ல நீங்கள் கொடுத்திருப்பது ஒரு தொலைபேசி இலக்கம். காது கேளாதவனுக்குத் தொலைபேசி இலக்கம்! அவனுடைய உம்மாதான் எடுத்துப் பேசவேண்டும். அவவோ "இருக்கிறதும் போயிரும் வாப்பா" என்று பயப்படுகிறா.

நான் ஏழாம் மாதம் விலகினேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அந்த வருடம் டிசம்பர் 3, வலுவிழந்தோர் தினத்துக்கு, "வேலை பெற்று முன்னேறியவர்" என்று மேடையில் பேச அழைத்தார்கள். உங்கள் பதிவேட்டில் நான் இன்னும் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறேன் போலும். (மாற்றுத்திறனாளி என்று சொல்வதா, வலுவிழந்தவர் என்று சொல்வதா என்று அந்த அழைப்பிதழில் வெட்டித் திருத்தியிருந்தார்கள். எப்படிச் சொன்னாலும் ஸ்டூல் அதே ஸ்டூல்தான்.)

சேர்த்துவிட்ட முதல் கிழமையிலும், ஒரு மாதத்திலும், மூன்று மாதத்திலும் வேலைத்தலத்துக்கு வாருங்கள். முதலாளியின் அறையில் தேநீர் குடித்துவிட்டுப் போகாமல், எங்களோடு தனியாக ஐந்து நிமிடம் பேசுங்கள். முறைப்பாட்டை எங்களைச் சேர்த்துவிட்டவரே வாங்கக்கூடாது. பக்கத்துப் பிரிவு உத்தியோகத்தர் வாங்கட்டும், என்னுடையதை வெருகலில் இருப்பவரும் அவர்களுடையதை இங்கிருப்பவரும். வாங்கியதற்குத் திகதி போட்ட துண்டு ஒன்று தாருங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல முடிகிறது, இதற்கும் அப்படி ஒரு நாள் கணக்கு வையுங்கள். வட்ஸ்அப்பில் எழுத்திலோ வீடியோவில் சைகையிலோ சொன்னாலும் அது முறைப்பாடுதான் என்று ஏற்றுக்கொள்ளுங்கள். வருட முடிவில் எத்தனை பேரைச் சேர்த்தோம் என்பதற்குப் பக்கத்திலேயே, எத்தனை பேர் ஒரு வருடம் நின்றார்கள் என்றும் எழுதுங்கள். அந்த இரண்டாவது எண்தான் உங்களுக்கும் எங்களுக்கும் தேவை.

நான் விட்ட இடத்துக்கு நீங்கள் இன்னொரு பிள்ளையைச் சேர்த்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். தம்பலகாமத்துப் பிள்ளை, அவளுக்கும் கால் ஏலாதாம். இந்தக் கிழமையே ஒருமுறை போய்ப் பாருங்கள். காலையில் போகவேண்டாம், காலையில் எல்லாரும் சிரித்துக்கொண்டுதான் இருப்போம். பின்னேரம் 3 மணிக்குப் பிறகு போங்கள்.

இப்படிக்கு,
முன்பு அந்த மேசையில் பில் போட்டவள்