தேக்கடிக்கு வெளியூர் மீன்குஞ்சு வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

அணைகளின் மீன்வளம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எங்கள் மெஸ்ஸுக்குச் சாப்பிட வருகிறவர்களும் புரட்டிப் பார்த்தார்கள். நல்ல கட்டுரைதான். ஆனால் படத்துக்குக் கீழே 'நம் அணைகளின் நாட்டு மீன்' என்று போட்டிருந்தீர்கள். படத்தில் இருந்தது சிலேபி. ஆப்பிரிக்க மீனான அது இலங்கை வழியாக 1952-இல் இந்தியாவுக்கு வந்தது. கடலில் பிடிக்காத எல்லாவற்றையும் நாட்டு மீன் என்று சொல்கிற பழக்கம் கம்பத்திலும் உண்டு, இங்கே குமுளியிலும் உண்டு. அதனால் அதை ஒரு குற்றமாகச் சொல்ல வரவில்லை. கட்டுரையின் கடைசிப் பத்தியில் மலை அணைகளிலும் லட்சக்கணக்கில் குஞ்சு விடலாம், தேக்கடி போன்ற ஏரிகள் சும்மா கிடக்கின்றன என்று ஒரு யோசனை இருந்ததே, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

தேக்கடி சும்மா கிடக்கவில்லை. அது முல்லைப் பெரியாறு அணை தேக்கிய ஏரிதான். முல்லைப் பெரியாறு என்றாலே நமக்கு அணையின் உயரமும் தேனி, மதுரைக்குப் போகும் தண்ணீரும்தான் ஞாபகம் வரும். அந்தத் தண்ணீருக்குள் இருக்கும் மீன்களைப் பற்றி இரண்டு மாநிலத்துப் பத்திரிகைகளும் அதிகம் எழுதியதில்லை. சென்னை மாகாண மீன்துறைக்கு இயக்குநராக இருந்த சுந்தரராஜ், 1941-இல் இந்த ஏரியிலிருந்து சில புதிய மீன்களை அறிவியலுக்கு அறிமுகம் செய்தார். அவற்றில் ஒன்று லெபிடோபைகாப்சிஸ் டைபஸ். மலையாளத்தில் பிரம்மண கெண்ட என்பார்கள். உடம்பில் பெரும்பாலும் செதிலே இருக்காது. இமயமலைக் குளிர்நீர் மீன்களின் சொந்தம் என்றே இதை நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். பெரியாற்றின் மேல்பகுதியைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இது கிடையாது. ஈச்சத்தல கெண்ட என்று இன்னொன்று. பிடிக்கிறவர்கள் சொல்லும் அந்தப் பெயரையே அறிஞர்கள் அதன் பேரினத்துக்கு வைத்துவிட்டார்கள். கல்லை ஒட்டி வாழும் ஒரு மீனின் அறிவியல் பெயரில் பெரியாறே இருக்கிறது: காரா பெரியாரென்சிஸ். மேற்குத் தொடர்ச்சி மலையின் நன்னீர் மீன்களை 2011-இல் கணக்கெடுத்தபோது 290 வகை தேறியது. அவற்றில் 189 வகை இந்த மலைத்தொடருக்கு மட்டுமே உரியவை. அப்படிப்பட்ட மலையில், இந்த ஒரு ஏரிக்கும் அதன் ஓடைகளுக்கும் மட்டுமே சொந்தமான மீன்கள் இத்தனை இருப்பது சாதாரண விஷயமா?

இவை எல்லாம் ஓடும் தண்ணீருக்குப் பழகியவை. 1895-இல் அணை எழும்பியதும் பெரியாறும் முல்லையாறும் சேர்ந்து ஓடிய பள்ளத்தாக்கு, நின்ற தண்ணீராகிவிட்டது. கல்லும் மணலும் குளிர்ந்த ஓட்டமும் கேட்கும் மீன்கள் மேலே ஓடைகளுக்கு ஒதுங்கின. அடியில் சேறு படிந்த அகலமான ஏரியோ சாதாக்கெண்டைக்கும் சிலேபிக்கும் தோதான இடம். சாதாக்கெண்டையும் வந்த மீன்தான். 1939-இல் இலங்கையிலிருந்து ஊட்டிக்கு வந்து, அப்புறம் எல்லா இடமும் பரவியது. அடிச்சேற்றைக் கிளறித் தின்னும், தண்ணீரைக் கலக்கிவிடும். சிலேபி முட்டையை வாயிலேயே வைத்துக் காப்பாற்றும், அதனால் எங்கே போட்டாலும் பெருகும். அதோடு ஏலத்தோட்டங்களில் அடிக்கும் மருந்து மழையில் ஓடைக்கு இறங்குகிறது. கோடையில் ஓடை வற்றினால் ஓடை மீன்கள் ஏரிக்கு இறங்கித்தான் ஆக வேண்டும், அங்கே இரைக்குப் போட்டி. இந்த நிலைமையில் இன்னும் குஞ்சு விட்டால் யாருக்கு லாபம்?

வியாபாரம் தெரியாமல் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். என் மெஸ்ஸில் 'டேம் மீன்' என்று கேட்டு வருகிறவர்களுக்குப் போடுவது பெரும்பாலும் சாதாக்கெண்டையும் சிலேபியும்தான். இங்குள்ள பழங்குடிக் குடியிருப்புகளான மன்னாக்குடியிலும் பளியக்குடியிலும் ஏரியில் வலை போடுகிற குடும்பங்களுக்கு வருமானம் தருவதும் அவைதான். அவற்றைப் பிடிக்காதே என்று யாரும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. எவ்வளவு பிடித்தாலும் நல்லது என்பதுதான் என் கட்சி. விடுவதுதான் வேண்டாம்.

கட்லா, ரோகு, மிர்கால் விடலாம் என்கிறது கட்டுரை. அவை கங்கைப் பக்கத்து மீன்கள். வெள்ளம் புரளும் ஆற்றில்தான் முட்டையிடும், நின்ற தண்ணீரில் பெரும்பாலும் இனம் பெருகாது. அதனால்தான் பல அணைகளில் வருஷா வருஷம் குஞ்சு வாங்கி விட வேண்டியிருக்கிறது. விட்ட கணக்கு லட்சங்களில் பத்திரிகையில் வருகிறது. என்ன வகை, எந்தத் தண்ணீரில், ஏற்கெனவே அங்கே இருந்த மீன் என்ன ஆயிற்று என்ற கணக்கு வருவதில்லை.

ஏரி இருப்பது பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள். அங்கே வண்டியில் குஞ்சு கொண்டுவந்து கொட்டிவிட முடியாது என்பது எனக்கும் தெரியும். என் பயம் வெளியிலிருந்து வருவது. இந்த மலையில் தோட்டத்துக்குத் தோட்டம் படுதாக்குளம், அதாவது பிளாஸ்டிக் விரிப்புப் போட்ட குளம் இருக்கிறது. பாசனத்துக்கு வெட்டியதில் மீனும் வளர்க்கிறார்கள், அதில் தப்பில்லை. ஆனால் சில குளங்களில் கிடப்பது சிலேபி, நட்டர் என்கிற தென்னமெரிக்க மீன், ஆப்பிரிக்கக் கெளுத்தி. இந்தக் கெளுத்தி வளர்ப்பை மத்திய அரசு 2000-இலேயே தடை செய்தது. ஆனாலும் தேக்கடி ஏரியில்கூட அது பிடிபட்டிருக்கிறது. இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழைக்குக் குளம் நிரம்பி வழிந்தால் எல்லாம் ஓடையில்தான் சேரும். 2018 ஆகஸ்ட் வெள்ளத்துக்குப் பிறகு கேரளத்து ஆறுகளில் அமேசான் மீனான அரபைமா வலையில் சிக்கியதை எல்லாரும் வேடிக்கை பார்த்தோம். அது எங்கோ ஒரு வளர்ப்புக் குளத்திலிருந்து தப்பியதுதானே.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இது அடுத்த மாநிலத்துச் சங்கதியாகத் தோன்றலாம். மேற்கே ஓட வேண்டிய பெரியாற்றுத் தண்ணீர் இங்கே சுரங்கம் வழியாகக் கிழக்கே திரும்பி, லோயர் கேம்ப் இறங்கி, வைகையில் கலக்கிறது. தேக்கடியில் பெருகும் மீனின் முட்டைக்கும் குஞ்சுக்கும் அந்தப் பாதை திறந்தே இருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கு வாய்க்காலில் நாளைக்கு ஆப்பிரிக்கக் கெளுத்தி கிடந்தால் அது எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

புதுத்தண்ணீருக்கு ஏறும் மீனை மடக்கிப் பிடிப்பதை இங்கே ஊத்தப்பிடித்தம் என்பார்கள். கேரளத்தின் 2010-ஆம் ஆண்டு உள்நாட்டு மீன்வளச் சட்டப்படி அது குற்றம். கம்பம், கூடலூர்ப் பக்கத்திலிருந்து அதற்காகவே மலையேறி வருகிறவர்கள் உண்டு. தோட்டா வெடிப்பது, துருசைக் கலந்து தண்ணீரை விஷமாக்குவது, கரண்ட் பாய்ச்சுவது எல்லாம் நடக்கிறது. முட்டை சுமந்து ஏறும் மீனைக் கொன்றுவிட்டு ஏரிக்குக் குஞ்சு வாங்குவதில் என்ன கணக்கு இருக்கிறது?

உற்பத்தி வேண்டும் என்றால் வைகை அணையிலும் சமவெளிக் கண்மாய்களிலும் தாராளமாகக் குஞ்சு விடட்டும். தேக்கடியையும் அதற்கு மேலுள்ள ஓடைகளையும் விட்டுவிட வேண்டும். படுதாக்குளம் வைத்திருப்பவர்கள் தண்ணீர் வழியும் வாயில் ஒரு வலை கட்டினாலே பாதிப் பிரச்சினை தீரும், அதைக் கட்டாயமாக்கலாம். உங்கள் கட்டுரையாளர் அடுத்த முறை இந்தப் பக்கம் வந்தால், அதிகாரிகளைப் பார்த்த கையோடு மன்னாக்குடியில் வலை போடுகிறவர்களிடமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசட்டும். எந்த ஓடையில் எந்த மீன் இன்னும் இருக்கிறது, எது இப்போது வலையில் விழுவதில்லை என்று அவர்கள் சொல்லுவார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
குமுளி, இடுக்கி மாவட்டம்