ஓசூர் வீட்டு காக்பிட் ஆர்வலர்கள்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கணினி விமான சிமுலேட்டரை ஓட்ட வீட்டிலேயே விமானி அறை கட்டுகிறவர்கள் நாம். போன பொதுக்குழுவில் போயிங் 737-இல் விமானியின் தலைக்கு மேல் இருக்கும் பேனலைச் செய்வதாகத் தீர்மானம் போட்டோம். சுவிட்சுகளை எண்ணிப் பார்த்தபின் செயற்குழு அதைத் தள்ளிவைத்து, சிறு விமானமான செஸ்னா 172-இன் த்ராட்டில் (இன்ஜின் வேகம்), மிக்ஸ்சர் (எரிபொருள், காற்றுக் கலவை) குமிழ்களை எடுத்துக்கொண்டது. "இதற்கா இத்தனை கூட்டம்?" என்று சிலர் முணுமுணுத்தது என் காதிலும் விழுந்தது. கண் திரையில் இருக்க, கை தானாகப் போய்ப் பிடிக்கிற ஒரு குமிழ் போதும். வேலை செய்யாத நூறு சுவிட்ச் அழகுக்குத்தான் ஆகும் என்பது என் கட்சி.

கருப்புக் குமிழ் த்ராட்டில், சிவப்பு மிக்ஸ்சர். தண்டையும் பித்தளை புஷ்ஷையும் லேத் பட்டறை வைத்திருக்கும் நம் உறுப்பினர் கடைந்து கொடுத்தார், கூலி வாங்கவில்லை. முதலில் தண்டு வழவழவென்று ஓடியது. ஒரு ஃபெல்ட் வாஷரைச் செருகி இறுக்கினார். இப்போது விட்ட இடத்தில் நிற்கிறது.

தலைவலி கொடுத்தது, குமிழ் எவ்வளவு நகர்ந்தது என்பதை மின் அளவாக மாற்றும் பொட்டென்ஷியோமீட்டர். த்ராட்டிலைப் பாதி தூரம் தள்ளினாலும் இன்ஜின் அசையவில்லை. அப்புறம் ஒரே தாவாகச் சீறியது. பிரித்துப் பார்த்தால் அதன் முதுகில் ஏ10கே என்று எழுதியிருந்தது. அது ரேடியோ வால்யூமுக்கு வைப்பது. பாதித் திருப்பத்துக்குக் கொஞ்சம்தான் ஏறும். நமக்கு வேண்டியது சீராக ஏறும் பி10கே. பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் வாங்குகிறவர்கள் எழுத்தைப் பார்த்து வாங்கவும். தேய்மானமும் தூசியும் சேர்ந்தால் பி வகையிலும் அளவு நடுங்கும். அதனால் மிக்ஸ்சருக்குக் காந்தமும், அதன் நகர்வைத் தொடாமலே அளக்கும் ஹால் சென்சாரும் வைத்திருக்கிறோம். உரசல் இல்லை, தேய்மானமும் இல்லை.

இரண்டு குமிழ்களும் ஆர்டுயினோ லியோனார்டோ என்ற சிறு மின்னணு போர்டில் இணைந்துள்ளன. உரிய நிரலை ஏற்றினால் அதைக் கணினி நேராக ஜாய்ஸ்டிக்காகவே எடுத்துக்கொள்ளும். முள் ஆடும் மீட்டர்களுக்கான சர்வோ மோட்டார்களை அதே யு.எஸ்.பி. மின்சாரத்தில் ஓட்டியபோது போர்டு அடிக்கடி ரீசெட் ஆனது. யு.எஸ்.பி. 2.0 போர்ட் தருவது 500 மில்லி ஆம்பியர்தான். தனியாக 5 வோல்ட் சப்ளை கொடுத்து, இரண்டின் கிரவுண்டையும் சேர்த்ததும் அடங்கியது.

ஓசூருக்குப் பக்கத்தில் உள்ள பேளகொண்டப்பள்ளி விமான ஓடுதளத்தை சிமுலேட்டருக்குள் வரைய இளைஞர்கள் அனுமதி கேட்டார்கள். சரி, வரையட்டும்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். வரும் ஆண்டுக்கு ரேடியோ பேனல் என்று செயற்குழு முன்மொழிகிறது. அதற்கான ரோட்டரி என்கோடர்கள் (சொடுக்குச் சொடுக்காகத் திருகி எண்ணை மாற்றும் குமிழ்கள்) வந்துவிட்டன. ஒரு சொடுக்குக்கு இரண்டு எண் தாவினால் என்கோடரைக் குறை சொல்லாமல், குமிழ்களைச் சிமுலேட்டரோடு இணைக்கும் மொபிஃப்ளைட் மென்பொருளில் அதன் வகையைச் சரியாகத் தேர்ந்தெடுத்தோமா என்று முதலில் பாருங்கள்.

வயர் முனைகளை இறுக்கும் சங்கத்தின் கிரிம்பிங் டூலை யார் கொண்டுபோனாலும் கூட்டம் முடிவதற்குள் மேசையில் வைத்துவிடவும். பெயர் கேட்கமாட்டேன்.

செயலாளர்