பச்சை அட்டையைப் பார்த்துப் பலகையில் ஒட்டியவர்களுக்கு

குடியிருப்பாளர் சங்கத் தலைவர் ஐயா, செயலாளர் அண்ணன், செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

என் அம்மாவின் வீட்டுக் கூரை பழுதுபார்த்த கதை நம் தாமான் (குடியிருப்புப் பகுதி) முழுக்கத் தெரியும். சுங்கை சிப்புட் சந்தையில் மீன் வாங்கப் போனால்கூட "மழை ஒழுகுவது நின்றதா?" என்று கேட்கிறார்கள். அந்த வேலையை எடுத்துச் செய்த குத்தகையாளரை (கான்ட்ராக்டரை) திட்டுவதற்காக இந்த மடலை எழுதவில்லை. அவர் கடைசியாக என் அழைப்பை எடுத்த அன்றே அதைச் செய்து முடித்துவிட்டேன். என் கேள்வி உங்களிடம்தான். பாலாய் ராயா (சமூக மண்டபம்) அறிவிப்புப் பலகையில், சங்கத்தின் முத்திரையோடு, "சிஐடிபி (மலேசியக் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியம்) அங்கீகாரம் பெற்ற நம்பகமான குத்தகையாளர்" என்று அவருடைய பெயரையும் தொலைபேசி எண்ணையும் ஒட்டினீர்களே, எதைப் பார்த்து ஒட்டினீர்கள்?

"பச்சை அட்டை வைத்திருக்கிறார், நானே கண்ணால் பார்த்தேன்" என்றார் செயலாளர் அண்ணன். பார்த்திருப்பார். எங்கள் வீட்டு வாசலிலும் அந்தக் குத்தகையாளர் முதலில் நீட்டியது அதைத்தான்: படம், பெயர், வாரியத்தின் சின்னம் எல்லாம் பளிச்சென்று இருந்தன. ஆனால் அந்த அட்டை கட்டுமானத் தளத்தில் கால் வைக்கும் எல்லாருக்கும் உரியது. ஒரு நாள் பாதுகாப்புப் பயிற்சியில் உட்கார்ந்து, கட்டணம் கட்டிப் பதிந்துகொண்டால் கிடைக்கும். சிமெண்டு மூட்டை தூக்குபவரிடமும் அது இருக்கும், இருக்கவும் வேண்டும். அதை வைத்து ஒருவரைக் குத்தகையாளர் என்பது, பள்ளிக்கூட வாசலில் நுழைவுச் சீட்டு வாங்கியவரைத் தலைமையாசிரியர் நாற்காலியில் உட்காரவைப்பது போன்றது.

குத்தகையாளர் பதிவு முற்றிலும் வேறு. மலேசியக் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியம் குத்தகை நிறுவனங்களை ஜி1 முதல் ஜி7 வரை தரம் பிரித்துப் பதிவு செய்கிறது. ஆகக் கீழே உள்ள ஜி1 தரம் சிறிய வேலைகளுக்கானது. நம் வீட்டுக் கூரை வேலையெல்லாம் அதற்குள் அடங்கிவிடும். அந்தப் பதிவு இல்லாமல் வேலை எடுப்பது வாரியத்தின் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அபராதம் 10,000 வெள்ளியில் (ரிங்கிட்) தொடங்கி 100,000 வெள்ளி வரை போகும். நிறுவனத்தின் பெயரை வாரியத்தின் இணையப் பக்கத்தில் தட்டிப் பார்த்தால் பதிவு உண்டா இல்லையா என்று தெரிந்துவிடும். தேநீர் ஆறுவதற்குள் முடிகிற வேலை. அவர் ரசீதில் அச்சடித்திருந்த கடைப் பெயரை நான் தட்டிப் பார்த்தேன். அப்படி ஒரு பெயர் அங்கே இல்லை.

இனி, அந்த "நம்பகமானவர்" செய்த வேலையைக் கேளுங்கள். பின்கட்டு அடுப்படிக் கூரையை மாற்ற 8,500 வெள்ளி பேசி, 6,000 வெள்ளியை முன்பணமாக வாங்கினார். அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிச் சேர்த்த ஊழியர் சேமநிதியில் மிஞ்சியிருந்த பணம் அது. கூரையில் மேல் தகட்டின் விளிம்பு கீழ்த் தகட்டின் மீது படிந்திருக்க வேண்டும். இவர் மேல் தகட்டைக் கீழ்த் தகட்டின் அடியில் செருகியிருந்தார். பெய்கிற மழை அத்தனையும் நேராக அடுப்படிக்கே வந்து சேரும்படி அமைந்த கூரை! தோட்டத்து லயத்து வீட்டுக்குப் பின்னால் கோழிக்கூண்டுக்குக் கீற்று வேய்ந்தவர்களுக்குத் தெரிந்த பாடம் இது. தகட்டின் மேட்டில் இறக்க வேண்டிய திருகாணிகளைத் தண்ணீர் ஓடும் பள்ளத்தில் இறக்கியிருந்தார், அதுவும் ரப்பர் வளையம் இல்லாமல். பால்மரத்தை நம்பி வாழ்ந்த ஊரில் ஒரு சின்ன ரப்பர் வளையத்துக்குப் பஞ்சம் வந்துவிட்டது.

கூரையையாவது பிரித்துப் போட்டுவிடலாம். என்னைத் தூங்கவிடாதது குளியலறை. "பெரியம்மா, வாட்டர் ஹீட்டரையும் சேர்த்தே மாட்டித் தருகிறேன்" என்று தாராளமாகச் சொல்லியிருக்கிறார். ஒரு நாள் குழாயைத் தொட்டபோது கை சுருக்கென்று இழுத்ததாக அம்மா சொன்ன பிறகே, எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் வைத்திருக்கும் வயர்மேன் ஒருவரை அழைத்து வந்தோம். அவர் ஹீட்டரின் மூடியைத் திறந்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பச்சையும் மஞ்சளுமான நில இணைப்புக் கம்பி (எர்த்) விரல் நீளத்துக்கு நறுக்கப்பட்டு, பின்னால் மடித்து, கறுப்பு டேப் சுற்றி ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. மறுமுனை எங்கேயும் போகவில்லை. 3.5 கிலோவாட் ஹீட்டர் சுமார் 15 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். அதை 13 ஆம்பியர் பிளக்கில், விளக்குக்குப் போடும் மெல்லிய கம்பி வழியாக இணைத்திருந்தார். ஈரத் தரையுள்ள இடத்துக்கு 10 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி வேண்டும் என்பது 1994ஆம் ஆண்டு மின்சார விதிமுறை. எங்கள் வீட்டில் அந்த இணைப்புக்கு அப்படி எதுவும் இல்லை. வயர்மேன் வேறொன்றும் பேசாமல் பெட்டியில் சுவிட்சை இறக்கினார். "பாட்டியை இந்தப் பக்கமே விடாதீர்கள்" என்று மட்டும் சொன்னார்.

இதையெல்லாம் சங்கத்தில் சொன்னபோது கிடைத்த பதில்தான் எனக்குப் பெரிய அதிர்ச்சி. "நம் பிள்ளைதானே, பெரிதாக்க வேண்டாம். கோயில் திருவிழா அன்னதானத்துக்கு நிறையச் செய்தவர்." செய்திருக்கட்டும், புண்ணியம் அவருக்கு. அன்னதானக் கணக்கைக் கோயிலில் வைத்துக்கொள்வோம்; என் அம்மாவின் 6,000 வெள்ளி அந்தக் கணக்கில் வராது. வேற்று ஆளாக இருந்திருந்தால் இதற்குள் நீங்களே காவல் நிலையத்துக்குக் கூட்டிப்போயிருப்பீர்கள். நம் ஆள் என்பதற்காக நம் கிழவிகளின் சேமிப்பில் அவருக்குத் தள்ளுபடி தரச் சொல்கிறீர்களா? அந்த அறிவிப்பு இன்னமும் பலகையில் இருக்கிறது. நேற்றும் பார்த்தேன்.

வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்களுக்கு இந்த நாட்டில் பயனீட்டாளர் (நுகர்வோர்) உரிமைக்கோரல் நடுவர் மன்றம் இருக்கிறது. மனு செய்ய 5 வெள்ளி கட்டணம். 50,000 வெள்ளி வரை கோரலாம். மூன்று ஆண்டுகளுக்குள் போக வேண்டும். தீர்ப்பான பணத்தை 14 நாளில் கட்டாவிட்டால் அதுவே குற்றமாகிவிடும். முதல் படிவத்தை எழுதிவிட்டேன். ரசீது, படங்கள், வயர்மேனின் அறிக்கை எல்லாம் தயார். எதிர்த்தரப்பின் முகவரி என்ற கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது. அவருடைய ரசீதில் அந்தக் கடைப் பெயரும் தொலைபேசி எண்ணும் தவிர வேறொன்றும் இல்லை, அந்த எண்ணையும் இப்போது யாரும் எடுப்பதில்லை. ஆனால் பலகையில் விளம்பரம் ஒட்டக் கட்டணம் வாங்கியபோது அவருடைய முழுப் பெயரையும் வீட்டு முகவரியையும் சங்கப் பதிவேட்டில் எழுதி வைத்திருக்கிறீர்கள். "அது சங்கத்தின் உள்விவகாரம்" என்று மறுக்கிறீர்கள். அவர் எண்ணை ஊருக்கே ஒட்டிக் காட்டியபோது உள்விவகாரமாக இல்லாதது, இப்போது எப்படி ஆனது?

அந்த அறிவிப்பை இன்றே கிழித்துவிடுங்கள். இனி யாருடைய பெயரை ஒட்டினாலும் வாரியத்தின் பதிவு எண்ணையும் பக்கத்தில் எழுதுங்கள். மின்சார வேலை என்றால் சான்றிதழின் நகலை வாங்கி வையுங்கள். முகவரி அடுத்த செயற்குழுக் கூட்டத்துக்கு முன்பாக என் கைக்கு வர வேண்டும். தர முடியாது என்று முடிவெடுத்தால் அதையும் சங்கக் கடிதத்தாளில் எழுதி, முத்திரை குத்திக் கொடுங்கள். மனுவோடு இணைத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஆண்டுச் சந்தா பாக்கி வைக்காத உறுப்பினர் ஒருத்தி,
சுங்கை சிப்புட்