ரெண்டு தட்டு

சத்துவாச்சாரி,
ஞாயிறு இரவு

அன்புள்ள செந்திலுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. வெயிலைப் பற்றி உனக்குச் சொல்லவே வேண்டாம். ராத்திரி பதினோரு மணிக்கும் மொட்டை மாடித் தரை காலைச் சுடுகிறது.

போன வாரம் ஃபோனில் நீ சொன்னது இன்னும் மனசுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. "எம்.எம்.ஏ. ஆடுறவன் முன்னாடி வேற எந்த ஆட்டக்காரனும் நிக்க முடியாதுப்பா. வெயிட்லிஃப்டிங்ல இன்னா கீது, ரெண்டு செகண்டு தூக்கிட்டுப் போட்டுடறாங்க" என்றாய். குத்தும் உதையும் மல்யுத்தமும் கலந்த உன் கூண்டுச் சண்டைதான் பெரிசு என்கிறாய். பளு தூக்கி வளர்ந்தவன் நான், சுருக்கென்று தைத்தது. பதில் சொல்லப்போய்க் குரல் ஏறிவிட்டது, அம்மா ஃபோனைப் பிடுங்கிக்கொண்டாள். அன்றைக்குக் கோபத்தில் நான் பேசியதில் பாதி தப்பு. மீதிப் பாதியை நிதானமாக உனக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

உன் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பிப்ரவரியில் பெங்களூர் வந்தபோது உன் பயிற்சியைப் பார்க்க இட்டுக்கொண்டு போனாயே, அன்றைக்கு நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு ரவுண்டு ஐந்து நிமிஷம். உன்னைவிடக் கனமான பையன் ஒருவன் உன் கழுத்தில் கையைப் போட்டு வலைக்கம்பியோடு சாய்த்து அழுத்தினான். அவன் பாரம் முழுக்க உன் தோளில். உன் ஆடுசதை நடுங்கியது எனக்குத் தெரிந்தது. இரும்பு ஒரே இடத்தில்தான் கனக்கும். ஆள் அப்படியில்லை, நீ மூச்சை விடும் நேரம் பார்த்து அழுத்துவான். குத்துச்சண்டையில் ரவுண்டு மூன்று நிமிஷம். ஒலிம்பிக் மல்யுத்தத்தில் மூன்று மூன்று நிமிஷமாக இரண்டு பாதி. உங்களுக்கு ஐந்து நிமிஷமாக மூன்று, பட்டப் போட்டி என்றால் ஐந்து, நடுவில் ஒரே ஒரு நிமிஷம் ஓய்வு. குத்துக்கும் உதைக்கும் ஒரே சமயத்தில் பயப்பட வேண்டும்; காலைப் பிடித்துச் சாய்த்துவிடுவானோ, கீழே விழுந்தால் கழுத்தை நெரிப்பானோ என்றும் பார்க்க வேண்டும். இத்தனையையும் ஒரே உடம்பு சமாளிக்கிற விளையாட்டு வேறெதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. 1993-ல் டென்வரில் நடந்த முதல் யு.எஃப்.சி. கூண்டுச் சண்டைப் போட்டியில் ராய்ஸ் கிரேசி தன்னைவிடக் கனத்த ஆட்களைத் தரையில் கிடத்தி ஜெயித்ததை நீதான் எனக்குப் போட்டுக் காட்டினாய். ஒரே வித்தையை வைத்துக்கொண்டு காலம் தள்ள முடியாது என்று அன்றைக்கு எல்லோருக்கும் புரிந்தது. இதெல்லாம் ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் கண்ணு, "வேற எவனும் நிக்க முடியாது" என்கிறாயே, அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். உங்கள் ஆட்டத்தின் பெரிய பெயர்கள் எங்கே வளர்ந்தார்கள் என்று பார். ஹென்றி செஹூடோ 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் மல்யுத்தத் தங்கம் வாங்கியவர். யோயல் ரொமேரோ 2000 சிட்னியில் மல்யுத்த வெள்ளி. ரோண்டா ரவுசி ஜூடோவில் வெண்கலம். இவர்களுடைய இடுப்பும் கழுத்தும் கூண்டுக்குள் வருவதற்கு முன்பே உருவானவை. கேமரூன்காரர் ஃபிரான்சிஸ் இங்கானு சின்ன வயதில் மணல் குவாரியில் வேலை செய்தவர். அதைக் கேட்டபோது எனக்குப் பாலாறு ஞாபகம் வந்தது. என் வயசுப் பையன்கள் சிலர் விடியற்காலை மூணு மணிக்கு ஆற்றில் இறங்கி, சூரியன் ஏறுவதற்குள் ஒரு லாரி மணலை மண்வாரியால் ஏற்றிவிட்டு வருவார்கள். எந்த ஜிம்மையும் பார்க்காதவர்கள். அவர்களில் ஒருவன் என் மணிக்கட்டைப் பிடித்தால் நான் விடுவித்துக்கொள்ள முடிந்ததே இல்லை. அந்த முதுகுக்கு யாரும் மெடல் கொடுக்கவில்லை.

இப்போது நீ சொன்ன அந்த ரெண்டு செகண்டுக்கு வருகிறேன். நம்ம தெருப்பக்கத்துப் பிள்ளை சதீஷ் சிவலிங்கம் 2014-ல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில், ஒரே இழுப்பில் தலைக்கு மேல் தூக்கும் ஸ்னாட்ச் 149, முதலில் தோளுக்கும் பிறகு தலைக்கு மேலும் தூக்கும் கிளீன் அண்ட் ஜெர்க் 179, மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். 179 என்றால் எவ்வளவு தெரியுமா? 75 கிலோ அரிசி மூட்டை இரண்டு, அதற்கு மேல் 25 கிலோ சிப்பம் ஒன்று, அதற்கும் மேலே நாலு கிலோ. தலைக்கு மேல். அதைக் கைபலத்தால் தூக்குவதாகத்தான் பார்க்கிறவர்கள் நினைக்கிறார்கள். பார், அதாவது எடை மாட்டிய இரும்புத் தண்டு, இடுப்புக்குக் கொஞ்சம் மேலே வந்ததும் அதன் வேகம் செத்துவிடும். அந்தக் கணத்தில் பாருக்கு அடியில் நாம் விழ வேண்டும். கணுக்கால் மடங்கி, இடுப்பு தரைக்கு வந்து, முதுகு மட்டும் நிமிர்ந்து நிற்க வேண்டும். கண் இமைக்கிற நேரம். ஒரு அங்குலம் முன்னே போனால் பார் கீழே, பின்னே போனால் தோள் காலி. அந்த ஒரு அசைவைப் பழகப் பத்து வருஷம் ஆகிறது. உன் பயிற்சியாளரை வெறும் பாரோடு ஒரு முறை ஸ்னாட்ச் உட்காரச் சொல்லிப் பார். அவரைக் குறைத்துச் சொல்லவில்லை. அது வேறு படிப்பு.

2017-ல் உங்கள் ஆட்டத்துக் கோனர் மெக்ரகர், குத்துச்சண்டைக்காரர் மேவெதரோடு குத்துச்சண்டை போட்டாரே. இரண்டு வருஷமாக ஆடாமல் இருந்த நாற்பது வயசு மேவெதர், பத்தாவது ரவுண்டில் ஆட்டத்தை முடித்தார். மெக்ரகர் சோதா இல்லை. அது அவர் வீடு இல்லை, அவ்வளவுதான். மேவெதர் உங்கள் கூண்டுக்குள் வந்திருந்தால் ஒரு நிமிஷம் தாங்கியிருப்பாரா? மாட்டார். மாரத்தானை எடுத்துக்கொள். கெல்வின் கிப்டம் 2023-ல் சிகாகோவில் 2 மணி 35 விநாடியில் ஓடி முடித்தார். வேலூரிலிருந்து கிளம்பிக் குடியாத்தத்தையும் தாண்டிப் போகிற தூரம். மணிக்கு 21 கிலோமீட்டர், நிற்காமல். நீ சைக்கிளில் கூட வந்தாலும் மூச்சு வாங்கும். அந்த நெஞ்சுக்கூட்டுக்கு முன்னால் எந்தச் சண்டைக்காரனை நிறுத்துவாய்?

உறுதி என்று வந்தால் உங்கள் ஆட்டத்தில் ஒன்று தனி. எங்கள் பாருக்குக் கோபம் கிடையாது. அது என்னைத் தோற்கடிக்கத் திட்டம் போடுவதில்லை. உனக்கு எதிரே நிற்கிறவன் போடுகிறான். உன் இடது விலாவில் அடி இருக்கிறது என்று தெரிந்தால் அங்கேயேதான் உதைப்பான். அது தெரிந்தும் ஒருவன் இரண்டாவது ரவுண்டுக்கு எழுந்து வருகிறான் என்றால், அந்த மனசுக்கு நான் கை எடுத்துக் கும்பிடுவேன். அதே சமயம் 2002-ல் ஆன்டிகுவாவில் அனில் கும்ப்ளே தாடை உடைந்து, முகத்தைச் சுற்றிக் கட்டுப் போட்டுக்கொண்டு 14 ஓவர் போட்டு லாராவை அவுட் ஆக்கியதையும் நான் மறக்க மாட்டேன். அவர் ஆடியது யாரும் யாரையும் தொடாத ஆட்டம்.

இனிதான் நான் எழுத வந்த விஷயம்.

என் இடது முழங்கை ஏன் நேராக நீளவில்லை என்று சின்னதில் கேட்பாய். "கீழ விழுந்துட்டேன்டா" என்று சொல்லிவிடுவேன். விழவில்லை. 1986-ல் ஒரு மாவட்டப் போட்டி. எனக்கு இருபத்திரண்டு வயசு, 67.5 கிலோ பிரிவு. 1978-ல் எட்மன்டன் காமன்வெல்த் போட்டியில் கருணாகரன் தங்கமும் தமிழ்செல்வன் வெள்ளியும் வாங்கிய செய்தியைப் பள்ளிக்கூடத்தில் கேட்டதிலிருந்து எனக்கு இதே பைத்தியம். ஸ்னாட்ச் மூன்றாவது வாய்ப்பு, 92.5 கிலோ. பார் தலைக்கு மேல் போனது, ஆனால் பின்னால் சாய்ந்தது. கையை விட்டுவிட்டு முன்னால் தாவ வேண்டும். இன்றைக்குப் பிள்ளைகளுக்கு முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள். எனக்குச் சொல்லிக்கொடுத்த அண்ணன் கீழேயிருந்து "உடாதடா, உடாத!" என்று கத்தினார். நான் விடவில்லை. ஈரத் துணியைக் கிழித்த மாதிரி ஒரு சத்தம். பார்த்தால் என் முன்கை எனக்குச் சொந்தமில்லாத மாதிரி வேறு பக்கம் தொங்கியது. வலிகூட அப்புறம்தான் வந்தது.

எல்லோரும் என்னை உறுதியானவன் என்றார்கள். நானும் பல வருஷம் அதை நம்பினேன். நீ பிறந்தபோது உன்னை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பார்க்க ஆசைப்பட்டேன். இடது கை பாதியில் நின்றுவிட்டது. அன்றைக்குத்தான் நான் அந்தப் பாரை விட்டிருக்க வேண்டும் என்று அழுதேன். அந்த அண்ணன்மேல் எனக்கு வருத்தமில்லை. அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்.

பிப்ரவரியில் உன் கையை அந்தப் பையன் தன் தொடைகளுக்கு நடுவே இறுக்கிப் பின்னுக்கு மடக்கினானே, அதே முழங்கை மூட்டு. என் கை தானாக நெஞ்சுக்குப் போய்விட்டது. நீ அவன் காலில் ரெண்டு தட்டுத் தட்டினாய். தோற்றேன், விட்டுவிடு என்று அர்த்தம். அந்த நிமிஷமே விட்டுவிட்டான். இரண்டு பேரும் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்தீர்கள், அவன் எப்படிப் பிடித்தான் என்று உனக்குத் திரும்பச் செய்துகாட்டினான். கண் கலங்கியதற்கு ஏசி காற்று என்று சொன்னேன். அது பொய். இப்படி ஒரு ரெண்டு தட்டு எங்கள் காலத்தில் யாரும் எனக்குக் கொடுத்ததில்லை. உங்கள் ஆட்டத்தில் நான் பார்த்த ஆகப் பெரிய விஷயம் அதுதான். உதையோ குத்தோ இல்லை.

ஆனால் வெளியே வரும்போது உன் நண்பனிடம் "மேட்ச்ல மட்டும் நான் தட்டவே மாட்டேன், கை உடைஞ்சாலும் சரி" என்றாய். எனக்குக் காதில் விழுந்தது. 2011-ல் டொரொன்டோவில் நடந்த யு.எஃப்.சி.யில் ஃபிராங்க் மிர் பிடியில் நொகேரா தட்டாமல் இருந்தார், மேல்கை எலும்பே முறிந்தது. எவ்வளவு பெரிய ஆட்டக்காரர் அவர். நீ அந்த வார்த்தையைச் சொன்னபோது எனக்கு "உடாத, உடாத" என்றுதான் கேட்டது.

எடை விஷயம். 65.8 கிலோ பிரிவில் இறங்கப் போவதாகச் சொன்னாய். போன மாசம் உன் எடை 73. நானும் ஒரு மே மாசத்தில் கம்பளி ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கோட்டை அகழியைச் சுற்றி ஓடி இரண்டு கிலோ குறைத்தவன்தான். உதடு வெடித்து, எச்சில்கூட ஊறவில்லை. எங்களுக்கு எடை பார்ப்பது போட்டிக்கு இரண்டு மணி நேரம் முன்னால், அதனால் அதிகம் விளையாட முடியாது. உங்கள் தொழில்முறைப் போட்டிகளில் முந்தின நாளே பார்த்துவிடுவதால் உடம்பை முறுக்கிப் பிழிகிறார்கள். 2015-ல் சீனப் பையன் யாங் ஜியான் பிங் அப்படித் தண்ணீரை வற்ற வைத்துத்தான் மணிலாவில் செத்தான். 21 வயசு. வினேஷ் போகத் பாரிஸில் ராத்திரி முழுக்கப் பாடுபட்டு, முடியைக்கூட வெட்டி, கடைசியில் 100 கிராமில் இறுதிப் போட்டியை இழந்ததைப் பார்த்து உன் அம்மா சோறு சாப்பிடவில்லை. 70.3-ல் இறங்கு. அங்கே எதிராளி கொஞ்சம் உயரமாக இருப்பான், இருக்கட்டும்.

தலை விஷயமும் உண்டு. எங்கள் ஆட்டம் முட்டியையும் முதுகையும் தின்னும், ஆனால் தின்பது தெரியும், காலையில் எழும்போதே சொல்லிவிடும். மூளை சொல்லாது. குத்துச்சண்டைக்காரர்கள் வயசான பிறகு நடை தள்ளாடிப் பேச்சு குழறுவதை 1928-லேயே மார்ட்லண்ட் என்ற டாக்டர் எழுதி வைத்திருக்கிறார். போட்டியில் படும் அடியைவிடத் தினம் பயிற்சியில் வாங்கும் சின்னச் சின்ன அடிகளை நினைத்துத்தான் எனக்குப் பயம். வாரத்தில் ஒரு நாளுக்கு மேல் தலையில் அடி வாங்குகிற பயிற்சி வேண்டாம் என்று உன் பயிற்சியாளரிடம் கேள். வெட்கப்படாதே. அவர் நல்ல மனுஷர், எனக்கு அப்படித்தான் பட்டது.

ஆட வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். முதலில் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டாள், பிறகு போட்டிக்கு முந்தின நாள் உனக்கு என்ன சாப்பாடு கொடுக்கலாம் என்று கேட்டாள். கேழ்வரகுக் கூழ் ஆகுமா என்று கேட்டு எழுது.

போட்டி அன்றைக்கு நான் காட்பாடியில் பிருந்தாவன் பிடித்து மத்தியானத்துக்குள் வந்துவிடுவேன். ஸ்டேஷனுக்கு வர வேண்டாம், நீ படுத்துத் தூங்கு. எடை பார்த்ததும் எத்தனை கிலோ என்று மட்டும் ஒரு ஃபோன் பண்ணு. வலைக்கம்பிக்குப் பக்கத்தில்தான் உட்காருவேன். அவன் உன் கையைப் பிடித்துவிட்டால், வெளியே வர வழி இல்லை என்று உனக்கே தெரிந்துவிட்டால், என்னைத் தேடிப் பார்க்காதே, தட்டு. ரெண்டு தட்டு.

அன்புடன்,
அப்பா